ரேடியோ ஹெலிகாப்டர் மாதிரிகள்: அமைப்பும் சோதனையும்

ரேடியோவால் இயக்கப்படும் மாதிரி விமானம் சற்றுக் கோணலாகக் கட்டப்பட்டிருந்தாலும் எப்படியோ பறந்துவிடும். இறக்கைக்கும் வாலுக்கும் தாமாக நிமிர்ந்துகொள்ளும் குணம் ஓரளவு உண்டு. ஹெலிகாப்டருக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் ரோட்டர், ஸ்வாஷ்பிளேட், வால் பிளேடுகள், கைரோ, மோட்டார், ரிசீவர் ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் சரியாக இருந்தால்தான் அது தரையை விட்டு ஒழுங்காக எழும். ஒன்று தவறினாலும், எதனால் தவறியது என்று கண்டுபிடிப்பதற்குள் பிளேடு மண்ணைத் தொட்டிருக்கும். எனவே இந்தப் பொழுதுபோக்கில் பறப்பதற்கு நிகரான நேரம் மேசை வேலையில் போகிறது. அந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. வரிசை குலைந்தால் எந்தச் சோதனையின் முடிவையும் நம்ப முடியாது.

இந்த வரிசை ஒரே நாளில் உருவானதல்ல. ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1960களின் இறுதியில் ரேடியோ ஹெலிகாப்டரை நம்பகமாகப் பறக்கவைத்தார். 1970களின் தொடக்கத்தில் அவருடைய பெல் ஹியூகோப்ரா மாதிரி, தாமே கட்டிக்கொள்ளும் பாகத்தொகுப்பாக விற்பனைக்கு வந்தது. அன்றைய மாதிரிகளின் தலையில் ஃபிளைபார் என்ற குறுக்குக் கம்பி இருந்தது. பெரிய ஹெலிகாப்டர்களுக்காக ஆர்தர் யங் பெல் நிறுவனத்தில் உருவாக்கிய நிலைப்படுத்தும் கம்பியையும், ஸ்டான்லி ஹில்லர் பயன்படுத்திய துடுப்பு முறையையும் கலந்து எடுத்த ஏற்பாடு அது. வாலைக் காக்க, உள்ளே உண்மையாகவே ஒரு சக்கரம் சுழலும் இயந்திரக் கைரோ இருந்தது. பிறகு பீசோ கைரோ வந்தது. 1990களின் பிற்பகுதியில் வாலின் திசையையே பிடித்து வைத்துக்கொள்ளும் ஹெடிங் ஹோல்டு வகை பரவியது. 2000களின் இறுதியில் ஃபிளைபாரே கழற்றப்பட்டு, மூன்று அச்சிலும் கைரோ கொண்ட மின்னணுப் பெட்டி அதன் இடத்தைப் பிடித்தது. மிகாடோவின் விபார், அதன் பின் பீஸ்ட்எக்ஸின் மைக்ரோபீஸ்ட் முதலியவை இந்த மாற்றத்தைப் பரவலாக்கின.

மின்னணு வந்தபின் அமைப்பு வேலை குறைந்துவிட்டது என்று பலர் கருதுவதுண்டு. பாதி மட்டுமே சரி. ஃபிளைபார் காலத்தில் சர்வோ மோட்டாரின் அசைவைத் தலைக்குக் கடத்தும் லிங்க் கம்பி ஒன்று அரை சுற்று நீளமாக இருந்தால் மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து அதைக் காட்டிக் கொடுக்கும். இன்றைய பெட்டி அதே பிழையை நொடிக்குப் பல நூறு முறை திருத்திச் சமாளிக்கிறது. பறப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் திருத்தும் வேலைக்காக சர்வோவின் அசைவில் ஒரு பங்கு எப்போதும் செலவாகிக்கொண்டிருக்கும். காற்று பலமாக அடிக்கும்போதோ கடும் திருப்பத்திலோ அந்தப் பங்கு தேவைப்படும்; அப்போது அது மீதமிருக்காது. ஆகவே, முதலில் இயந்திரத்தை இயந்திரமாகவே சரிசெய்ய வேண்டும், மின்னணுவைப் பிறகே இணைக்க வேண்டும் என்ற பழைய விதி இன்று முன்னைவிடக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டியதாகிறது.

இயந்திர வேலை ரோட்டர் தலையில் தொடங்குகிறது. அங்கே செயல்படும் விசையின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். 600 மி.மீ. நீளமும் சுமார் 120 கிராம் எடையும் கொண்ட பிளேடு நிமிடத்துக்கு 2,000 சுற்றில் சுழலும்போது, ஏறக்குறைய 190 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பான விசையோடு பிடியை வெளியே இழுக்கிறது. இரண்டு பிளேடுகளுக்கும் இடையே எடையில் ஒரு கிராம் வித்தியாசம் இருந்தால்கூட, ஒன்றரைக் கிலோ அளவிலான சமனற்ற விசை நொடிக்கு 33 முறை தலையை உலுக்கும். எனவே முதலில் ஒவ்வொரு பிளேடின் எடைமையமும் அடிப்போல்ட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, பிளேடுகளைத் தனித்தனியாக எடை பார்க்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். மையத்தைப் பார்க்காமல், தராசில் இலேசாக இருந்த பிளேடின் நுனியில் மட்டும் டேப் ஒட்டினால் எடை சமமாகும், மையம் விலகிவிடும்.

பிளேடு பிடிகளை இணைக்கும் ஃபெதரிங் தண்டு நேராக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து விரலால் மெல்ல உருட்ட வேண்டும். வளைந்த தண்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் தூக்கி இறங்கும். அடியில் ஒளிக்கீற்று தெரியும். பிரதான தண்டுக்கும் இதே சோதனைதான். பிடிக்குள் இருக்கும் திரஸ்ட் பேரிங்கில் இரண்டு வளையங்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உள் துளையின் அளவு மட்டும் வேறு. பெரிய துளை வளையம் தலையின் பக்கமும், சிறிய துளை வளையம் வெளியே போல்ட்டின் பக்கமும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் மேசையில் ஒன்றும் தெரியாது. ரோட்டர் வேகம் பிடித்து விசை ஏறியதும் பிட்ச் எனும் பிளேடுக் கோணத்தின் அசைவு இறுகும், பேரிங் சீக்கிரமே நாசமாகும். உலோகத்தில் ஏறும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் நீல நிறத் திரெட் லாக் ஒரு சொட்டு போதும். பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்க்ரூவுக்கு அது கூடவே கூடாது. சில பிளாஸ்டிக்குகளை அது விரிசல் விடச் செய்துவிடும்.

தலை முடிந்தபின் சர்வோ. இங்கே சமரசம் செய்யக் கூடாத நிபந்தனை ஒன்று உண்டு: டிரான்ஸ்மிட்டரின் குச்சி நடுவில் இருக்கும்போது சர்வோவின் கை, லிங்க் கம்பிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் ஒரு பக்கம் போகும் அசைவும் மறுபக்கம் போகும் அசைவும் சமமாக இராது. சர்வோ அச்சின் பல் எண்ணிக்கை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்: ஃபுடாபாவில் 25, ஹைடெக்கில் 24, ஜேஆரில் 23. கையைக் கழற்றி ஒவ்வொரு பல்லாகத் திருப்பி மாட்டிப் பார்த்தால், நான்கு முனைக் கையில் ஏதாவது ஒரு முனை ஏறக்குறையச் செங்குத்தாக வந்து விழும். மிஞ்சும் சிறு கோணத்தை மட்டுமே சப் டிரிம்மால் திருத்த வேண்டும். பெரிய எண்களைச் சப் டிரிம்மில் ஏற்றுவது, கையை மாட்டியதில் பிழை இருப்பதற்கு அறிகுறி.

சர்வோவின் தரத்தையும் இந்தக் கட்டத்திலேயே சோதித்துவிடலாம். பிளேடு பிடியில் பிட்ச் அளவியை மாட்டி, குச்சியை மேலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து கீழிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சர்வோ நடுவுக்குத் திரும்பும் பழக்கம் உடையது. அரை டிகிரி வேறுபட்டால் கியரிலோ பால் லிங்க்கிலோ தளர்ச்சி இருக்கிறது. இணைப்பைக் கழற்றி விரலால் அசைத்துப் பார்த்தாலே எதில் என்பது பிடிபடும்.

பிளேடுகளின் கோணத்தை மாற்றும் சாய்தட்டான ஸ்வாஷ்பிளேட்டை மூன்று சர்வோக்கள் சேர்ந்து தூக்கும் 120 டிகிரி ஏற்பாடு இன்று பெரும்பாலான மாதிரிகளில் உள்ளது. அதன் வடிவியலிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முன்பின் சாய்வுக்கு ஒற்றையாக நிற்கும் சர்வோ முழுத் தூரம் போகும்போது மற்ற இரண்டும் பாதித் தூரமே எதிர்ப்பக்கம் போகின்றன. குச்சியைச் சட்டென்று தள்ளினால், குறைந்த தூரம் போக வேண்டியவை முந்திக்கொள்ளும். அந்தக் கணநேரத்தில் ஸ்வாஷ்பிளேட் சாய்வதோடு சற்று ஏறவோ இறங்கவோ செய்யும். மூன்று இணைப்புகளையும் முன்பின் திசையில் மைய அச்சிலிருந்து ஒரே தூரத்தில் வைக்கும் 140 டிகிரி முறை இதற்காகவே வந்தது. 120 டிகிரி மாதிரியில், மூன்றும் ஒரே வகையான வேகமான சர்வோக்களாக இருப்பதே நடைமுறைப் பரிகாரம். பழைய சர்வோ இரண்டோடு புதியது ஒன்றைச் சேர்ப்பது சிக்கனமாகத் தோன்றலாம். விலை கொடுத்துத் தொல்லை வாங்குவதே அது.

ஸ்வாஷ்பிளேட் மட்டமாக இருக்கிறதா என்பதைத் தண்டில் செருகும் மட்டக் கருவியால் சரிபார்த்து, நடுக்குச்சியில் பிட்ச் சரியாகப் பூஜ்யம் வருமாறு லிங்க்குகளின் நீளத்தைத் திருத்த வேண்டும். பிறகு குச்சியை மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் கொண்டுபோய் அளக்க வேண்டும். தலைகீழாகவும் பறக்கும் வித்தைப் பறப்புக்கு இரு பக்கமும் 10 முதல் 12 டிகிரி வரை வைப்பது வழக்கம். பழகுபவருக்குக் கீழே 3, மேலே 9 அல்லது 10 போதும். அவர் அந்தரத்தில் நிற்கும்போது 5 டிகிரியை ஒட்டித்தான் இருப்பார். எல்லைகளில் ஸ்வாஷ்பிளேட்டை நான்கு மூலைக்கும் சாய்த்து, எங்காவது உரசுகிறதா, சர்வோ முனகுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஃபிளைபார் இல்லாத பெட்டி இருந்தால், டிரான்ஸ்மிட்டரில் ஸ்வாஷ் கலவையை அணைத்துச் சாதாரண ஒற்றைச் சர்வோ வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் கலந்தால், மேலே ஏறச் சொன்னால் மாதிரி சாயும். புதியவர்களிடம் மிக அடிக்கடி காணப்படும் பிழை இதுவே.

இந்த வேலை முழுவதும் பேட்டரி இணைக்கப்பட்ட நிலையில் நடப்பதால், மோட்டாரின் மூன்று கம்பிகளில் இரண்டைக் கழற்றிவைக்க வேண்டும், அல்லது பினியனைப் பெரிய கியரிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். பிளேடுகளும் கழன்றே இருக்கட்டும். டிரான்ஸ்மிட்டரில் முதன்முதலில் அமைக்க வேண்டிய பொத்தான், குச்சி எங்கிருந்தாலும் மோட்டாரை நிறுத்திவைக்கும் திராட்டில் ஹோல்டு. இது அளவு மீறிய எச்சரிக்கை அல்ல. 700 வகை மாதிரி ஒன்றின் ரோட்டர் நுனி மணிக்கு ஏறக்குறைய 580 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில், அனுபவம் மிக்க 19 வயது இளைஞர் ஒருவர் தன் மாதிரியின் பிளேடு தாக்கி இறந்தார்.

வாலின் அமைப்பில் தவறு நேர்ந்தால் அதன் விளைவு உடனே தெரியும். பெரும்பாலான மாதிரிகளில் ரோட்டர் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. எதிர்வினையாக மூக்கு இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கும் அளவுக்கு வால் பிளேடுகளில், சர்வோ நடுவில் இருக்கும்போதே, சில டிகிரி பிட்ச் இருக்க வேண்டும். ஹெடிங் ஹோல்டை அணைத்துச் சாதாரண நிலையில் வைத்து, அந்தரத்தில் வால் தானாக நிற்கும்வரை லிங்க்கின் நீளத்தைத் திருத்துவதே முறை. அதன்பின் ஹெடிங் ஹோல்டை இயக்கினால், கைரோவுக்கு இரு பக்கமும் சமமான இடம் கிடைக்கும்.

வால் சர்வோவைக் கைரோவோடு பொருத்தும்போது துடிப்பு அகலத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான சர்வோக்கள் 1,520 மைக்ரோ வினாடியை நடுவாகக் கொள்கின்றன. வாலுக்கென்றே வந்த சில சர்வோக்கள் 760ஐ நடுவாகக் கொள்கின்றன. ஃபுடாபாவின் எஸ்9254 முதல் வகை. எஸ்9251 இரண்டாம் வகை. கைரோவில் மாற்றி அமைத்தால் சர்வோ ஒரு மூலைக்கு ஓடி முட்டிக்கொண்டு நிற்கும், விரைவில் எரியவும் கூடும். டிஜிட்டல் சர்வோவுக்கு நொடிக்கு 333 முறை வரை கட்டளை அனுப்பும் கைரோக்கள் உண்டு; அதே வேகத்தை 50 முறைக்கென வடிவமைத்த பழைய அனலாக் சர்வோவுக்கு அனுப்பக் கூடாது.

அடுத்து இரண்டு திசைச் சோதனைகள். முதலாவது, வலப்பக்கம் குச்சியைத் தள்ளினால் மூக்கை வலப்பக்கம் திருப்பும் திசையில் வால் பிளேடுகள் சாய்கின்றனவா என்பது. இரண்டாவது, மாதிரியைக் கையில் எடுத்து மூக்கைச் சட்டென்று இடப்பக்கம் திருப்பினால், வலக்குச்சி தள்ளியபோது போன திசையிலேயே சர்வோ போகிறதா என்பது. முதலாவது தவறினால் பறப்பவர் தடுமாறுவார். இரண்டாவது தவறினால் மாதிரி தரையை விட்டு எழுமுன்பே பம்பரம்போலச் சுழலும், எந்தக் குச்சியாலும் நிறுத்த முடியாது. மூன்று அச்சுப் பெட்டியில் இதே சோதனையை மற்ற இரு அச்சுகளுக்கும் நீட்ட வேண்டும்: மூக்கைக் கீழே சாய்த்தால் ஸ்வாஷ்பிளேட் பின்னால் சாய வேண்டும், வலப்பக்கம் உருட்டினால் இடப்பக்கம் சாய வேண்டும். ஒவ்வொரு மென்பொருள் மாற்றத்துக்குப் பின்னும், ஏன், ஒவ்வொரு பறப்பு நாளின் தொடக்கத்திலும் இதை ஒருமுறை செய்வது அரை நிமிட வேலைதான்.

மின்சாரத்தில் முதலில் சோதிக்க வேண்டியது ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் போகும் மின்வழங்கல். வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள்ளேயே இருக்கும் பெக் சுற்றுதான் சிறிய மாதிரிகளில் இதைச் செய்கிறது. பழைய நேர்கோட்டு வகைப் பெக், உபரி மின்னழுத்தத்தை வெப்பமாக எரித்துவிடும். மூன்று செல் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனபோது 12.6 வோல்ட்; அதை 5 வோல்ட்டாக்கி 2 ஆம்பியர் கொடுத்தால் 15 வாட் வெப்பம் அந்தச் சிறிய பலகையிலேயே தங்கும். சூடு அதிகமானதும் அது துண்டித்துக்கொள்ளும். ரிசீவர் உயிரை விடும். மாற்றுமுறைப் பெக் இதனால்தான் வழக்கத்துக்கு வந்தது. சோதிக்கும் வழி எளிது. ரிசீவரின் காலித் துளையில் வோல்ட்மீட்டரைச் செருகி, எல்லாக் குச்சிகளையும் ஒருசேர வேகமாகக் கலக்க வேண்டும். உடனிருப்பவர் பிளேடு பிடிகளைக் கையால் இறுக்கி எதிர்விசை கொடுக்கலாம். எண் ஓரிரு பத்தில் ஒரு வோல்ட் இறங்கினால் கவலையில்லை. 5லிருந்து 4ஐ நோக்கிச் சரிந்தால் அந்த மின்வழங்கலை வைத்துப் பறக்கக் கூடாது. வோல்ட்மீட்டர் மின்னல்வேகச் சரிவுகளைக் காட்டாது என்பதால் கண்ணில் படுவதைவிட உண்மைச் சரிவு அதிகம் என்று கொள்வதே விவேகம்.

மோட்டாரின் பொருத்தத்தைக் காகிதத்திலேயே பார்த்துவிடலாம். தைவானின் அலைன் நிறுவனத்தின் டிரெக்ஸ் 450இல் பெரிய கியருக்கு 150 பற்கள். 13 பல் பினியனோடு விகிதம் சுமார் 11.5. வோல்ட்டுக்கு 3,500 சுற்று என்ற மோட்டாரை 11.1 வோல்ட்டில் ஓட்டினால், சுமையின்றி ரோட்டர் நிமிடத்துக்கு 3,370 சுற்றை நெருங்கும். சுமையில் ஏறக்குறைய 15 விழுக்காடு இழப்பு என்று கொண்டால் 2,850 மிஞ்சும். அந்த வகைக்கு இது நல்ல அளவு. ஒரு பல் கூட்டினால் வேகம் ஏழெட்டு விழுக்காடு ஏறும், மின்னோட்டம் அதைவிட வேகமாக ஏறும்.

கணக்கை உறுதிசெய்ய ஒளிச் சுற்றளவி உண்டு. அதன் கண், பிளேடு ஒளியை மறைக்கும் ஒவ்வொரு முறையையும் எண்ணுகிறது. கொட்டகைக்குள் குழல்விளக்கின் கீழ் அளப்பவர் ஏமாறக்கூடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சோக் வைத்த பழைய குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குவதால், இரண்டு பிளேடு என அமைத்த சுற்றளவி, ரோட்டர் சுற்றாமலே 3,000 என்று காட்டும். அந்த எண் ஒரு நல்ல 450 மாதிரியின் வேகத்தோடு ஒத்துப்போவது கெட்ட வாய்ப்பு. வெயிலில் அளந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதே குழல்விளக்கை, சுற்றளவி சரியாக எண்ணுகிறதா என்று பார்க்கவும் பயன்படுத்தலாம்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் பிரேக்கை அணைத்து, மெதுவாகத் தொடங்கும் முறையை இயக்கி, மின்னழுத்தம் குறைந்தால் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகத் தணிக்கும்படி வைக்க வேண்டும். இறக்கை விமானம் மோட்டார் நின்றாலும் மிதந்து இறங்கும். ஹெலிகாப்டரில் அந்த நொடியிலேயே பிட்ச்சைக் குறைத்து, காற்றோட்டத்திலேயே ரோட்டரைச் சுழலவைத்து இறங்கும் ஆட்டோரொட்டேஷனுக்குப் போகத் தெரிந்தவருக்கே அது வாய்க்கும். லிபோ பேட்டரியைப் பொறுத்தவரை, கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் எடுக்காமல் டைமரை வைப்பது போதும். முதல் பறப்புகளைக் குறுகிய நேரத்தில் முடித்து, மறுசார்ஜில் எத்தனை மில்லி ஆம்பியர் மணி ஏறியது என்று பார்த்து டைமரை நீட்டலாம். பயன்படுத்தாதபோது செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும்.

மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும் எஞ்சின்கள் இன்று குறைந்துவிட்டன. அவற்றின் சோதனை முழுக்க ஊசித் திருகைப் பற்றியது. எரிபொருள் அதிகமான பக்கத்திலிருந்து தொடங்கி, சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். ஏறும்போது புகைத்தடம் தெரிய வேண்டும். இறங்கியதும் எஞ்சினின் பின்மூடியில் விரலை வைத்துச் சில நொடி தாங்க முடிய வேண்டும். புகை மறைந்து சத்தம் கூர்மையானால் கலவை மெலிந்துவிட்டது. பிஸ்டன் போவதற்கு அதிக நேரம் ஆகாது.

ரேடியோவின் சோதனை 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்தபின் சுருங்கியது. 35 அல்லது 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் மைதானத்தில் அலைவரிசைப் பலகையும் ஊக்கும் இல்லாமல் யாரும் டிரான்ஸ்மிட்டரை இயக்கமாட்டார்கள். அந்தக் கெடுபிடி இன்றில்லை. இப்போது தேவைப்படுவது, குறைந்த சக்தி நிலையில் சுமார் 30 எட்டு நடந்து எல்லாச் சர்வோக்களும் பணிகின்றனவா என்று பார்ப்பது. இதை மோட்டார் ஓடும்போதும் ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனெனில் இரைச்சல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ரிசீவரின் இரண்டு ஆன்டெனாக்களின் முனைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பன் சட்டத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்ற ஃபெயில்சேஃப் சோதனையைப் பிளேடு இல்லாமல் செய்ய வேண்டும். பெல்ட் வால் உள்ள மாதிரிகளில், வறண்ட காற்றில் பெல்ட் உராய்ந்து நிலைமின்சாரம் தேங்கி, தீப்பொறியாகப் பாய்ந்து மின்னணுவைக் குழப்புவதுண்டு. வால் குழாயையும் சட்டத்தையும் மோட்டாரின் உடலையும் மெல்லிய கம்பியால் இணைத்துவிட்டால் அது அடங்கும்.

இவ்வளவும் தேறிய பிறகே பிளேடு மாட்டிய ஓட்டம். அதற்கு முன், அதிர்வைக் கண்டுபிடிக்கப் படிமுறை ஒன்று இருக்கிறது: முதலில் பிரதான பிளேடும் வால் பிளேடும் இல்லாமல், அடுத்து வால் பிளேடு மட்டும், கடைசியில் எல்லாம் சேர்த்து ஓட்டுவது. எந்தப் படியில் அதிர்வு புகுகிறதோ அந்தப் படியில் சேர்ந்ததுதான் குற்றவாளி. அதிர்வின் விரைவும் துப்புத் தரும். 3,000 சுற்றில் ஓடும் ரோட்டரின் சமனின்மை நொடிக்கு 50 முறை அடிக்கும், அதனால் சறுக்குக்கால்கள் கண்ணுக்குத் தெரிய ஆடும். வால் ரோட்டர் பிரதான ரோட்டரைவிட நான்கைந்து மடங்கு வேகமாகச் சுற்றுவதால், அதன் அதிர்வு வால் துடுப்பின் விளிம்பு மங்கலாகத் தெரிவதில் புலப்படும். பெட்டியின் அதிர்வுப் பதிவை வாசிக்க முடிந்தால் ஊகத்துக்கே வேலையில்லை.

முதல் எழும்பலில் பார்க்க வேண்டியது டிராக்கிங். இரண்டு பிளேடு நுனிகளிலும் வேறு வேறு நிற டேப் ஒட்டி, தொலைவில் கண்மட்டத்தில் நிறுத்தினால், இரண்டும் ஒரே தளத்தில் ஓடுகின்றனவா என்று தெரியும். மேலே ஓடும் நிறத்தின் லிங்க்கை அரைச் சுற்று திருத்த வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு லிங்க்கையும் தொட்டால் எது சரிசெய்தது என்பது தெரியாமலே போகும். பிறகு கைரோவின் கெயின், அதாவது அது திருத்தும் வலு. வால் சீரான தாளத்தில் இடவலமாக ஆடும்வரை கூட்டி, ஆட்டம் நின்ற இடத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி வைப்பது வழக்கம். கெயின் குறைவாக இருக்கும்போதே வால் ஆடினால் கைரோவைக் குறை சொல்லக் கூடாது. லிங்க் இறுக்கம், வால் சறுக்கியில் தளர்ச்சி, வழுக்கும் பெல்ட் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அங்கிருக்கும். மூன்று அச்சுப் பெட்டி உள்ள மாதிரி ஒரு பக்கம் நகர்ந்தால் டிரான்ஸ்மிட்டரின் டிரிம்மைத் தொடக் கூடாது. பெட்டி அதைச் சாயச் சொல்லும் நிரந்தரக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

இறங்கிய கையோடு மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பேட்டரி, ஒவ்வொரு சர்வோ ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மூன்று ஸ்வாஷ் சர்வோக்களில் ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அதன் லிங்க் எங்கோ பிடிக்கிறது. முதல் இரண்டு மூன்று பேட்டரிகளுக்குப் பின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். விழுந்து எழுந்த மாதிரிக்கு, உடைந்ததாகக் கண்ணில் பட்ட பாகத்தை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. ஃபெதரிங் தண்டு, பிரதான தண்டு, சர்வோ கியர்கள் ஆகிய மூன்றையும் சந்தேகத்தோடு பார்த்து, கண்ணாடித் தகட்டிலிருந்து தொடங்கிப் பிட்ச் அளவு, திசைச் சோதனைகள், பிளேடில்லா ஓட்டம் என்று அதே வரிசையில் மீண்டும் வர வேண்டும்.